மூன்றாம் தொட்டி

இப்போதெல்லாம் எவனும் எவனிடமும் வாய்திறந்து ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை, சுவரில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறான் என்பது மருதமுத்துவின் நெடுநாளைய எரிச்சல். சினிமா வந்தால் ஒட்டுகிறார்கள். ஓட்டு வந்தால் ஒட்டுகிறார்கள். போன வருஷம் சுதந்திரம் வந்தபோது காஜா பெராங் பேட்டை முழுக்க ஒரு கம்பம், ஒரு கதவு விடாமல் ஒட்டினார்கள். மழையில் பாதி கிழிந்து மீதி இன்னும் அவர் வீட்டு வேலியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஜப்பான்காரன்கூட முகத்துக்கு நேரே நின்றுதான் கத்தினான். அடித்தாலும் யார் அடித்தான் என்று தெரிந்தது. இப்போது பொழுது விடிந்தால் கதவில் ஒரு காகிதம் இருக்கிறது, ஒட்டினவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. அன்று காலை அவர் வீட்டுக்கு அடுத்தாற்போல் இருந்த பெண்களின் சாயக்கொட்டகைக் கதவிலும் அப்படித்தான் ஒன்று ஒட்டியிருந்தது, முனிசிபல் முத்திரையோடு, பசை காயாமல்.

அந்தப் பெண்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலைவியான ருக்மணிதான் படித்துச் சொன்னாள். சாயம் போடுகிற எந்த இடமும், ஆற்றோரத்து மில்லாக இருந்தாலும் சரி, வீட்டுப் பின்கட்டாக இருந்தாலும் சரி, கலர்த் தண்ணீரை இனிமேல் லோங்காங் சாக்கடையில் திறந்துவிடக் கூடாது. தொட்டி கட்டி, வடிகட்டி, தெளிந்த பிறகுதான் விடவேண்டும். அதிகாரி வந்து பார்த்துச் சரி என்றால் லைசென்ஸ். இல்லாவிட்டால் கதவுக்குப் பூட்டு. அவள் படித்து முடித்ததும் அங்கிருந்த பெண்கள் எல்லோரும் காகிதத்தை விட்டுவிட்டு மருதமுத்துவைப் பார்த்தார்கள்.

பார்த்ததில் தப்பில்லை. தைப்பூசம் கழிந்த கையோடு, பண்டார் ஹிலிர் வரைக்கும் வெயிலில் நடந்துபோய், முனிசிபல் ஆபீசில் நின்று சத்தம் போட்டுவிட்டு வந்தவர் அவர்தான். அவருடைய வாத்துகள் இரண்டு நீல மூக்கோடு செத்துக் கிடந்தன. ஆற்றோரத்துச் சீன முதலாளி, அந்தத் தவுக்கேயின் சாயமில்தான் காரணம் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அந்தத் தவுக்கேயைப் பார்த்த நாளிலிருந்தே அவருக்குப் பிடிக்காது. "ஊர்ல இருக்கிற சாயக்காரன் ஒருத்தனையும் விடாதீங்க" என்று மேசையைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தார். ஆபீஸ்காரர்கள் அவர் சொன்னபடியே ஒருத்தனையும் விடவில்லை. மில்லுக்குப் போன வாரம் வந்த அதே காகிதம் இங்கேயும் வந்துவிட்டது. ஒரே ஒரு வித்தியாசம்: தவுக்கேயின் மில்லில் அதற்குள் கண்ட்ராக்டர் லாரி நின்று சிமெண்டு கலந்துகொண்டிருந்தது. இங்கே ஒரு வாளி சிமெண்டுக்கு வழியில்லை.

"அடோய், மாமா" என்றாள் தெய்வானை, நெற்றியில் கைவைத்துக்கொண்டு. கம்போங் செட்டிக்காரி, பல தலைமுறையாக மலாய் பேசுகிற செட்டிக் குடும்பம்; தமிழைப் புரிந்துகொள்வாள், பேச வரும்போது மலாய்தான் முந்திக்கொண்டு வரும். "மாமா ஆபீசுக்குப் போனது மில்லைப் பூட்டவா, கித்தாவைப் பூட்டவா?" கித்தா என்றால் நாம்.

"ஒங்க தண்ணியும் அந்த லோங்காங்குலதானே போவுது? பொய்யா?" என்றார் மருதமுத்து. வருத்தப்படுகிற வழக்கம் அவரிடம் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் கண் தெய்வானை மேல் இல்லை. மூலையில் அண்டாவைத் துழாவிக்கொண்டிருந்த மகள் கமலவேணியின் முதுகின் மேல் இருந்தது. அவள் திரும்பவே இல்லை. துழாவுகிற கோல் மட்டும் நின்றுவிட்டது.

இந்தக் கொட்டகையில் அவருக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் துளியும் இல்லை. கூட்டுறவு என்ற வார்த்தையைக் கேட்டாலே அவர் வெற்றிலையைத் துப்பிவிடுவார். மாட்டுவண்டி ஓட்டி முப்பது வருஷம் ஊரை அறிந்தவர். கட்டைவிரல் உருட்டச் சொன்ன காகிதம் எதுவும் அவருக்கு நல்லது செய்ததில்லை. பெண்கள் ஒன்றுகூடித் துணிக்குச் சாயம் போடுவார்களாம், மேசை விரிப்பாகவும் சாரோங்காகவும் ஆக்குவார்களாம், சிங்கப்பூரில் இரண்டு வெள்ளைக்கார அம்மாக்கள் நடத்துகிற கடை அதை நடுவில் ஆள் இல்லாமல் வாங்கிக்கொள்ளுமாம், வேலைக்குத் தகுந்த விலை கொடுக்குமாம். விற்கிற துணியில் அதைச் சாயம் போட்டவள் பேரை ஒரு சின்னச் சீட்டில் தைத்தும் அனுப்பவேண்டுமாம். "துணியில பேரு என்னாத்துக்கு? துணி என்னா காணாமப் போயிருமா?" என்று கேட்டார். அந்தச் சீட்டில் 'கமலவேணி' என்று சிவப்பு நூலில் தைத்திருப்பதை ஒருநாள் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, மகள்தான் காட்டினாள். அவள் பேர் இவ்வளவு நீளமா என்று மட்டும் கேட்டார்.

கமலவேணியின் புருஷன் ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில் மரம் விழுந்து செத்தான். மாமியார் வீட்டார் அவளைப் போகவும் விடவில்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை. விடியற்காலை ரப்பர் பால்வெட்டுக்கு அனுப்பி, வந்த சம்பளத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பொட்டைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ் ஏறி வந்தபோது மருதமுத்து ஒன்றும் கேட்கவில்லை. கோழிக்கூண்டை நகர்த்திவைத்து உள்ளறையை ஒழித்துக் கொடுத்தார். முதல் ஆறு மாதம் அவள் வீட்டுக்குள் சத்தம் இல்லாமல் நடந்தாள், சோற்றைக் குறைத்துப் போட்டுக்கொண்டாள். கொட்டகைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் கதவைப் படாரென்று சாத்தத் தொடங்கினாள். அந்தச் சத்தம் அவருக்கு எரிச்சலாகவும் இருந்தது, என்னவோ போல நிம்மதியாகவும் இருந்தது.

காகிதம் ஒட்டிய அன்று மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள். "கொட்டாய மூடுனா நான் ஜாசினுக்கே போயிடுறேன்ப்பா. ஒங்களுக்குப் பாரமா உக்காந்துகிட்டு இருக்க மாட்டேன்."

போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வரவில்லை. "கருவாட்டுல உப்பு ஜாஸ்தி" என்றார்.

அடுத்த வாரம் முனிசிபலிலிருந்து ஆளே வந்தார். தேவதாஸ் என்று பேர், வெள்ளைக் கால்சட்டை, சைக்கிள். தமிழ்ப் பையன்தான், பினாங்கில் படித்தவராம். "ஒட்டுனது நீங்கதானா?" என்று முதல் கேள்வியை மருதமுத்து கேட்டார். ஆமாம் என்றார். "கதவைத் தட்டியிருந்தா தொறந்திருப்போமே?" என்றார் இவர். அந்த ஆள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். மூன்று தொட்டி, ஒன்றைவிட ஒன்று தாழ்வாக. முதலாவதில் சாயத் தண்ணீர் வந்து விழுந்து அடங்கவேண்டும். இரண்டாவதில் மணலும் கரியும். மூன்றாவதில் கூழாங்கல், அதன் வாயிலிருந்து லோங்காங்குக்கு ஒரு குழாய். மூன்றாம் தொட்டியின் வாயில் வருகிற தண்ணீரைத்தான் நான் பார்ப்பேன் என்றார். காபி கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார். காபி குடிக்காத ஆளை மருதமுத்து தன் வாழ்நாளில் நம்பியதில்லை. தவுக்கே வீட்டில் குடித்திருப்பான், வயிற்றில் இடம் இருந்திருக்காது என்று அன்று மாலை எல்லோரிடமும் சொன்னார்.

கொட்டகையில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. இதெல்லாம் பெரிய மில்லுக்குச் செய்த சட்டம், நம்மைப் போன்றவர்கள் தலையில் வைத்தால் எப்படி என்று பாதிப் பேர். சிங்கப்பூர்க் கடைக்கு எழுதிப் போடலாம், அந்த அம்மாக்கள் பெரிய இடத்தில் பேசுவார்கள் என்றாள் ஒருத்தி. ருக்மணி பெரியாஸ்பத்திரியில் துணி வெளுக்கிற இடத்தில் பல வருஷம் நின்றவள்; குரலை உயர்த்தாமலே அடக்கிவிடுவாள். "கூலி நியாயமா வேணும், வெல நியாயமா வேணும்னு நாம கேக்குறோம்ல? கீழ வீட்டுக்காரி கெணறும் நியாயமாத்தானே இருக்கணும்? நம்ம தண்ணியிலயும் வெஷம் இருக்கு. அண்ணன் சொன்னது நெசம்தான்." மருதமுத்துவுக்கு ஒரு கணம் தூக்கிவாரிப்போட்டது. தான் சொன்னதை ஒருத்தி நிஜம் என்று சொல்லிக் கேட்பது அவருக்குப் பழக்கமில்லாத சங்கதி. "என்னைய வெச்சு ஒண்ணும் பேசவேண்டாம்" என்று எழுந்து போய்விட்டார்.

இடம்தான் பிரச்சினை. கொட்டகையை ஒட்டி மூன்று தொட்டி தோண்ட அங்குலம் இல்லை. அதற்கு அப்பால் மருதமுத்துவின் பழைய மாட்டுக்கொட்டில், மாடுகளை விற்றபின் சும்மா கிடந்தது. சும்மாதான் கிடந்தது, ஆனாலும் அவர் தினம் காலையில் அதைப் பெருக்குவார். ருக்மணி வந்து கேட்டாள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "தொட்டி தோண்டி தண்ணி தெளியுமாம். அப்படித் தெளியிறதுன்னா ஆண்டவன் சமுத்திரத்தை எதுக்கு உப்பா வெச்சான்?" என்று என்னென்னவோ பேசினார். மறுநாள் விடிந்து பெண்கள் மண்வெட்டியோடு வந்து நின்றபோது கொட்டிலின் முளைக்கட்டைகள் எல்லாம் பிடுங்கி ஓரமாக அடுக்கியிருந்தன. "செல்லு அரிச்சிருச்சு, அதான் புடுங்குனேன்" என்றார் யாரையும் பார்க்காமல்.

அவர்கள் தோண்டியதை அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் குறை சொன்னார். செங்கல் பழையது, ஒழுகும் என்றார், ஒழுகவில்லை. ஒரு மழைக்கு நிரம்பிச் சாயமெல்லாம் சமையலறைக்கு வரும் என்றார்; சித்திரை மழை இரண்டு நாள் கொட்டியது, வரவில்லை. கரிக்குத் தெய்வானை ஒரு வழி கண்டுபிடித்தாள். மாரியம்மன் கோவிலில் நேர்த்திக்கு உடைக்கிற தேங்காய்களின் சிரட்டை பின்பக்கம் மலைபோல் குவிந்து கிடக்கும். அதை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து மண்போட்டு மூடிச் சுட்டார்கள். தெரு முழுக்கப் புகை. "சாமிக்கு ஒடைச்ச தேங்கா ஓட்டை சாக்கடையில போடுறதா? நல்லா இருக்குடி ஒங்க நாயம்!" என்று மருதமுத்து கத்தினார். தெய்வானை கைக்கரியை முகத்தில் ஈஷிக்கொண்டு சிரித்தாள். "டாத்தோ மாரா இல்ல, மாமா. அம்மனுக்குக் கோவம் இல்ல. அம்மன் பொம்பளை, வேலைக்குப் போற பொம்பளைய தெரியும்." அன்று சாயங்காலம் கோவிலுக்குப் போனபோது அம்மன் முகத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார். தெரிந்துகொள்ள ஒன்றும் அகப்படவில்லை.

தேவதாஸ் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். மாரியம்மன் திருவிழா அந்த வாரம்தான் முடிந்தது. கடைசி நாளான செவ்வாய்க்கிழமை மஞ்சள்நீர் விளையாட்டு. கொட்டகைக்கு அன்று விடுமுறை. மஞ்சள்நீர் கலப்பது மருதமுத்துவின் பொறுப்பு. வண்டி வைத்திருந்த காலத்தில் பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்தவர் என்பதால் மாடு போன பிறகும் அந்த மரியாதையைக் கோவிலில் எடுக்கவில்லை. இடித்த மஞ்சள், வேப்பிலை, இடுப்பு உயரத்துக்கு இரண்டு பீப்பாய். மாமன் மகளை மச்சான் துரத்த, மச்சானை மைத்துனி துரத்த, செட்டிப் பெண்கள் கெபாயாச் சட்டை நனைய ஓட, ஒரு மணி நேரத்தில் ஒரு பீப்பாய் தீர்ந்தது. மற்றது அப்படியே நின்றது. இந்தக் காலத்துப் பையன்களுக்குச் சட்டை நனையக்கூடாதாம். மிஞ்சின மஞ்சள்நீரை வைத்திருக்கக் கூடாது, கால்படுகிற இடத்தில் கொட்டவும் கூடாது. ஓடுகிற தண்ணீரில் சேர்த்துவிடவேண்டும். வருஷா வருஷம் அதைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து தன் வீட்டுப் பின்னால் லோங்காங்கில் சேர்ப்பார். அது போய் ஆற்றில் சேரும், ஆறு கடலில் சேரும்.

பாதி வழியில் ருக்மணி எதிரே ஓடிவந்தாள், சேலை முழுக்க மஞ்சள், தலையில் வேப்பிலை. "அண்ணே, தவுக்கே மில்லுல முனிசிபல் ஜீப்பு நிக்குது. இன்னிக்கே நம்மளையும் பாத்துட்டுப் போயிடலாம்னு தேவதாஸ் ஐயா சொன்னாராம். கமலா எங்க?" அவள் நில்லாமல் ஓடிவிட்டாள்.

மருதமுத்து கைவண்டியைப் பிடித்தபடி நின்றார். மில்லில் பார்த்துவிட்டு இங்கே வருகிறான். வியாழன் என்று சொல்லிவிட்டுச் செவ்வாயில் வருகிறான். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வருகிறான். வந்ததும் முதலில் லோங்காங்கைத்தான் பார்ப்பான். ஒரு பீப்பாய் மஞ்சளை இவர் அதில் கவிழ்த்தால், வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் பளபளவென்று மஞ்சள் ஓடும், அது கோவில் தண்ணீர் என்று எந்த அதிகாரி நம்புவான்? இவரே நம்பமாட்டார். கொட்டகைக்காரிகள் திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டார்கள் என்றுதான் எழுதுவான். கமலா ஜாசின் பஸ் ஏறுவாள். வைத்திருக்கவும் கூடாது, கால்படவும் கூடாது, லோங்காங்கும் ஆகாது. பின்னால் யாரும் கால்வைக்காத இடம் ஒன்று இருந்தது, தண்ணீர் இறங்கி ஓடுகிற இடமும் அதுதான். நல்ல யோசனை என்றுதான் அவருக்குப் பட்டது. கைவண்டியைக் கொட்டிலுக்குத் தள்ளிக்கொண்டுபோய், பீப்பாயைச் சாய்த்து, மஞ்சள், வேப்பிலை, அடியில் இருந்த மண்டி எல்லாவற்றையும் முதல் தொட்டியில் கவிழ்த்தார்.

கமலவேணி வந்தபோது அவர் பீப்பாயின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் தொட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"யப்பா... என்னாப்பா பண்ணி வெச்சீங்க?"

"லோங்காங்குல ஊத்துனா ஒங்க மேல பழியப் போடுவான்."

"நம்ம நீலமும் பச்சையும்தான் போடுறோம்னு அவருகிட்ட சொல்லியிருக்கோம். இப்ப மஞ்சளப் பாத்தா சொல்லாமக் கொள்ளாம வேற சாயம் போடுறோம்னு நெனைக்க மாட்டாரா?" அவள் குரல் உடைந்தது. கத்தியிருந்தால் அவரால் திருப்பிக் கத்தியிருக்க முடியும். "நீங்க ஒண்ணுமே செய்யாம இருந்திருக்கலாமேப்பா."

ஜீப் சத்தம் கேட்டது.

தேவதாஸ் உள்ளே வந்தார். வழியில் மச்சினிச்சி முறையே இல்லாத யாரோ ஒருத்தி அவர் மேல் ஒரு சொம்பு விசிறியிருக்கவேண்டும். வெள்ளைச் சட்டையின் ஒரு தோள் மஞ்சளாக இருந்தது. முதல் தொட்டியருகே குனிந்தார். மேலே வேப்பிலை மிதந்தது. மூக்கைச் சுளித்து மோந்தார். பெண்கள் ஈரச் சேலையோடு வரிசையாக நின்றார்கள். ருக்மணி வாயைத் திறந்தாள். அதற்குள் மருதமுத்து முன்னால் வந்துவிட்டார்.

"அது இவங்க இல்ல. நான் ஊத்துனது. கோயில் மஞ்சத்தண்ணி. லோங்காங்குல ஊத்துனா நீங்க இவங்களத்தான் புடிப்பீங்க, அதான் இதுல ஊத்துனேன். எழுதணும்னா என் பேரை எழுதிக்குங்க. மருதமுத்து. இந்த வயசுல ஜெயிலு ஒண்ணும் எனக்குப் புதுசா பயம் இல்ல."

"பெரியவரே, மஞ்சளுக்கெல்லாம் ஜெயில் இல்ல" என்றார் தேவதாஸ். முதல்தடவையாக அவர் உதட்டில் ஏதோ அசைந்தது. "சட்டத்துல மஞ்சள்னு தனியா ஒண்ணும் போடல, சாமி தண்ணின்னும் போடல. உள்ள என்ன போவுதுங்கிறது ஒங்க பாடு. வாய்ல என்ன வருதுன்னுதான் நான் பாக்கணும். நீலத்தையும் ஊத்துங்க."

தெய்வானை நீல அண்டாவைச் சாய்த்தாள். மஞ்சளும் நீலமும் கலந்து முதல் தொட்டி குளத்துப் பாசிபோல் பச்சையாகி நிரம்பியது. நிரம்பியது, அப்படியே நின்றது. இரண்டாம் தொட்டிக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. எல்லோரும் மூன்றாம் தொட்டியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது காய்ந்து கிடந்தது. தேவதாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பச்சைத் தண்ணீர் விளிம்புக்கு ஏறி, இதோ கொட்டிலின் தரையில் வழிந்து, நேராக லோங்காங்கைப் பார்த்து ஓடப்போகிறது. இவ்வளவு நாள் நிரம்பும் நிரம்பும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் மருதமுத்துதான். அது நிஜமாகவே நடக்கப்போகிறபோது அவர் விளிம்பில் இன்னும் நனையாமல் இருந்த செங்கல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"எலை!" என்றாள் கமலவேணி. "வேப்பெலை அடைச்சிருச்சு!"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் தொட்டிக்கரையில் குப்புற விழாத குறையாகச் சாய்ந்து, தோள்வரைக்கும் கையை விட்டாள். கன்னம் பச்சைத் தண்ணீரில் பட்டது. எட்டவில்லை. மருதமுத்து யோசிக்கவில்லை, வேட்டியோடு தொட்டிக்குள் இறங்கிவிட்டார். இடுப்பளவு தண்ணீர், வழுக்குகிற செங்கல். காலால் தடவி, இரண்டாம் தொட்டிக்குப் போகிற துவாரத்தில் அடித்திருந்த வலைக்கம்பியைக் கண்டுபிடித்தார். இலையும் மண்டியும் அதில் பாயைப்போல் ஒட்டியிருந்தன. மூச்சைப் பிடித்துக் குனிந்தார். அவர் பிடுங்கிக் கொடுக்கக் கொடுக்க அவள் வாங்கி வெளியே எறிந்தாள். வாயில் தண்ணீர் போய்க் கசந்தது. அப்பன் கையும் மகள் கையும் போய்ப்போய் வந்தன. எத்தனை முறை என்று தெரியவில்லை, ஒரு பிடிக்குப் பிறகு காலடியில் என்னவோ இழுத்தது. கடகடவென்று அடியில் ஒரு சத்தம். தொட்டித் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியது.

பிறகு காத்திருப்புதான். மணலுக்கு அவசரம் தெரியாது. ருக்மணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெண்களில் ஒருத்தி வாய்க்குள் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தூரத்தில் கோவில் மேளம் ஒரு சுற்று வாசித்து நின்றது. மருதமுத்து தொட்டியிலிருந்து ஏற மறந்து, இடுப்பளவில் நின்றபடியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் இன்னும் கரையில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பஸ், ஜாசின், பால்வாளி எல்லாம் அவள் முகத்தில் தெரிந்தது போல அவருக்குப் பட்டது.

மூன்றாம் தொட்டியின் வாய் கொஞ்சம் கறுத்தது. ஈரம். ஒரு சொட்டு கட்டி நின்று, தொங்கி, விழுந்தது. இன்னொன்று. அப்புறம் நூல்போல ஒன்று கோர்த்துக்கொண்டு வந்தது. தேவதாஸ் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவையை எடுத்துப் பிடித்தார். நிறைந்ததும் வெயிலுக்கு எதிரே தூக்கினார். அதன் வழியாகக் கொட்டகையின் கூரை தெரிந்தது, கூரைமேல் காகம் தெரிந்தது, காகத்தின் கறுப்புத் தவிர வேறு நிறம் இல்லை.

"ஜெர்னே!" என்று கத்தினாள் தெய்வானை. "தண்ணி ஜெர்னே, மாமா! பாருங்க, கண்ணாடி மாதிரி!"

பெண்கள் போட்ட கூச்சலில் அண்டை வீட்டுக் கோழிகள் கலைந்தன. தேவதாஸ் மட்டும் கூச்சலில் சேரவில்லை. இன்னொரு குடுவை பிடித்தார். முதலாவதையும் இரண்டாவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மோந்தார். விரலால் தொட்டுத் தன் சட்டையின் வெள்ளைப் பக்கத்தில் தேய்த்துப் பார்த்தார். "இன்னிக்குச் சரி" என்றார். "ஆறு மாசத்துக்குத்தான் லைசென்ஸ் தருவேன். மாசா மாசம் கரியை மாத்தணும். சொல்லாமதான் வருவேன். மில்லுக்கும் அதேதான், அங்க இன்னிக்குத் தெளியல." பிறகு ருக்மணி நீட்டிய காபியை வாங்கி நின்றபடியே குடித்தார்.

மருதமுத்துவுக்கு அந்த ஆளை அப்போது கொஞ்சம் பிடித்தது. ஆறு மாசம் என்றதும் பெண்கள் முகம் கொஞ்சம் தொய்ந்தது, அவருக்கோ அதுதான் கேட்கவேண்டிய பேச்சாக இருந்தது. கண்ணால் பார்த்துவிட்டும் நம்பாத ஒரு மனிதன். ஆனாலும் காபி ஒரு மடக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போனான். அதை அவர் கவனித்துக்கொண்டார்.

அவரைத் தொட்டியிலிருந்து தூக்கிவிடக் கமலவேணி கையைக் கொடுத்தாள். தோள்வரை பச்சையான கை. இவர் தலைமுதல் கால்வரை பச்சை. அவள் கையை விடாமல் ஒரு நிமிஷம் பிடித்திருந்தாள்.

"நாளைக்கு ஆறு மணிக்கே கொட்டாய் தொறக்குறோம்ப்பா. சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டியது கெடக்கு. பாப்பாவ நீங்கதான் பாத்துக்கணும்."

"ம்" என்றார்.

"நீங்களே பாத்தீங்கல்ல? தண்ணி எப்படி வந்துச்சுன்னு?"

"பாத்தேன். ஒருநாள் வந்துச்சு. அந்தத் தேங்கா ஓட்டுக்கரி எத்தனை நாளைக்குத் தாங்கும்? மழை வரட்டும், பாப்போம். வடகெழக்குக் காத்து அடிக்கிறப்போ சொல்லு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அந்த வெள்ளைக்கார அம்மாங்க நாளைக்கே கடைய மூடிட்டுக் கப்பலேறிட்டா என்னா பண்ணுவீங்க? அதுக்கு எந்தத் தொட்டி?"

"அப்ப வேற கடை பாப்போம்" என்றாள் அவள். குரலில் சிரிப்பு இருந்தது. கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டே வேலியோரமாக நடந்தார். மஞ்சள்நீர் விளையாடியவர்களின் தண்ணீர் தெருவிலிருந்து வழிந்து லோங்காங்கில் மெல்லிய மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் தொட்டியின் குழாய் வந்து சேருகிற இடத்தில் அவர் கால் தானாக நின்றது. அந்தத் தண்ணீர் உடனே கலக்கவில்லை. மஞ்சளின் ஓரமாக ஒட்டிக்கொண்டு ஒரு விரல் அகலத்துக்குத் தனியாக ஓடியது. அந்த விரல் அகலத்தில் மட்டும் அடிக்கல்லின் மேல் ஒரு குட்டி மீன் எதிர்நீச்சலில் நின்ற இடத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. எங்கிருந்து வந்ததோ. "ரெண்டு நாள் உசுரோட இருக்குதான்னு பாப்போம்" என்று அதனிடம் சத்தமாகவே சொல்லிவிட்டு, பச்சை வேட்டி காலில் சொதசொதவென்று அடிக்க, திரும்பிப் பார்க்காமல் கோவிலைப் பார்த்து நடந்தார்.